அம்மா பேசிய கேசட்: ஆறு வார வேலைக் குறிப்பு

அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. நினைவு நாளன்று நாங்கள் எல்லோரும் கூடுவோம். ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பழைய கதைகளைப் பேசுவோம். அம்மா எந்த நேரத்தில் என்ன சொன்னார் என்பதெல்லாம் வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது. குரல்தான் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. போனில் இருந்த அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்கள் போன் மாற்றியபோது போய்விட்டன. அதை நினைத்து நான் வருந்தாத நினைவு நாள் இல்லை.

இந்த வருஷம் நினைவு நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மாமா ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "உங்கம்மா பேசி அனுப்பினது. கடைசியா போட்டப்போ சரியா கேக்கலை. அப்புறம் என் டேப் ரெக்கார்டர் பெட்டியும் போயிடுச்சு. நீ ஏதாவது பண்ணிப் பாரு" என்றார். 1987-இல் மாமா வெகுதூரத்தில் வேலையில் இருந்தபோது, கடிதம் எழுதுவதற்குப் பதிலாக அம்மா பேசி, தபாலில் அனுப்பிய கேசட் அது. அறுபது நிமிட கேசட். லேபிளில் தேதியும் ஒரே ஒரு வார்த்தையும்: "அண்ணாவுக்கு".

கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது மேல் விளிம்பை. கேசட்டின் இரு மூலைகளிலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, அந்தப் பக்கத்தின் மேல் வேறு எதுவும் பதிய முடியாது. இந்தக் கேசட்டில் இரண்டு நாக்குகளும் உடைக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் பேசி அனுப்புகிறவர்கள் ஒரே கேசட்டைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். வந்த கேசட்டின் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவது வழக்கம். மாமா அப்படிச் செய்யவில்லை. பதிலை வேறு கேசட்டில் பேசி அனுப்பிவிட்டு, இதன் நாக்குகளை உடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அன்று அவர் அப்படிச் செய்ததால்தான் இந்தக் குறிப்பு எழுத எனக்கு ஒரு வேலையே இருந்தது.

பழைய கேசட் கைக்கு வந்தால் உடனே ஏதாவது ஒரு பிளேயரில் போட்டுப் பார்க்கத்தான் மனசு துடிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். பல வருஷம் தூங்கிய பிளேயர் முதல் நிமிஷத்திலேயே டேப்பை இழுத்து ரப்பர் உருளையில் சுற்றிக்கொள்ளும். கசங்கின டேப்பை நீவி எடுத்தாலும் அந்த இடத்தில் குரல் நடுங்கும். நான் கேசட்டை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, முதல் இரண்டு வாரம் டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் கருவியை, சரி செய்வதில் மட்டும் செலவிட்டேன்.

என்னிடம் பழைய டெக் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புப் பிசின். பழைய ரப்பர் பெல்ட்கள் இப்படித்தான் உருகிப் போகின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, சக்கரங்களின் காடிகளைத் துடைக்கவே ஒரு மாலை முழுக்கப் போனது. பெல்ட் ஓடும் பாதையை நூலால் அளந்து, அதைவிடச் சற்றுச் சின்ன சுற்றளவில் புது பெல்ட் போட்டேன். ரப்பர் உருளையை லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். டேப்பில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டையும் டேப்பை இழுக்கும் இரும்புத் தண்டையும் ஆல்கஹாலில் துடைத்தபோது பஞ்சு பழுப்பாக வந்தது. அது வெள்ளையாக வரும்வரை விடவில்லை. அப்புறம் போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய வேறொரு கேசட்டைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட விட்டேன். டேப்பின் ஓரம் எங்கும் மடியவில்லை. சரி, டெக்கை நம்பலாம்.

மூன்றாவது வாரம் கேசட்டுக்கு வந்தேன். மெதுவாக ஆட்டினால் உள்ளே ஏதோ சின்னதாக உருண்டது. நடு ஜன்னலில் பார்த்ததும் புரிந்தது. ஹெட் வந்து தொடும் இடத்துக்குப் பின்னால், மெல்லிய செம்புத் தகட்டின் மேல் ஒரு ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கும். டேப்பை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அந்தத் துண்டு விழுந்துவிட்டது. மாமா "சரியா கேக்கலை" என்றதற்கு இதுதான் காரணம். டேப்பில் ஒரு குறையும் இல்லை. அதை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்க்ரூ போட்ட கூடாக இருந்தால் திறப்பது எளிது. இது ஒட்டிய கூடு. ஓரத்து இணைப்பில் பிளேடு முனையை வைத்து, அழுத்தாமல் திருகித் திருகி நகர்த்தினேன். முதல் 'டக்' சத்தம் கேட்டபோது கை சில்லிட்டுவிட்டது. பாதி சுற்றி வந்ததும் மேல் மூடி தானாக எழும்பியது. உள்ளே டேப் முழுவதும் இடது சக்கரத்தில் சுற்றியிருந்தது. மாமா ஒவ்வொரு முறையும் ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்திருக்கிறார். டேப் 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓட 86 மீட்டர் வேண்டும். அந்த 86 மீட்டரும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டமாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாற்றிப் போட, ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறொரு காலிக் கூட்டை வைத்திருந்தேன். முதல் காரியமாக அதன் இரண்டு நாக்குகளையும் உடைத்தேன். மாமா செய்து வைத்த காவல் புதுக் கூட்டிலும் இருக்க வேண்டும். டேப்பைத் தூக்கும்போது நடுச்சக்கரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் சுற்று மொத்தமும் நழுவி விழுந்துவிடும். அடியில் இருக்கும் வழுக்குத் தாளோடு சேர்த்து, மேலே இன்னொரு தாளை வைத்து, தோசை திருப்புவதைப் போன்ற நிதானத்தோடு இரண்டு கையாலும் நகர்த்தினேன். அந்த நேரத்தில்தான் தொடக்கத்து வெள்ளை நாடா டேப்பிலிருந்து கழன்று வந்தது. அங்கேயும் பசை காய்ந்திருந்தது. ஒரு நொடி உயிர் போய் வந்தது. ஆனால் கழன்றது ஒட்டில்தான், டேப் அறுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் சாதாரண செல்லோ டேப்பைப் போடவே கூடாது. அதன் பசை நாளடைவில் ஓரத்தில் கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். கேசட் ஒட்டுவதற்கென்றே அதே அகலத்தில் நாடா கிடைக்கிறது. இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டினால், அவை இடைவெளி இல்லாமல் பொருந்தும். ஹெட்டைத் தொடாத பக்கத்தில் நாடாவை வைத்து விரல் நகத்தால் தேய்த்தேன். கூட்டை மூடி, ஸ்க்ரூவை இறுக்கி, ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்துக்குள் விட்டு முன்னும் பின்னுமாகச் சில சுற்று சுற்றிப் பார்த்தேன். தடங்கல் இல்லை.

போட்டேன். ஏதோ இரைச்சல், அப்புறம் குரல். அம்மாதான். ஆனால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. 'ச'வும் 'ஸ'வும் வர வேண்டிய இடங்களில் ஒன்றுமே இல்லை. என்ன பேசுகிறார் என்று பாதிதான் புரிந்தது.

இனி சொல்லப்போவது கொஞ்சம் விரிவாக இருக்கும். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான். ஹெட்டின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளவு ஒன்று உண்டு. அது டேப் ஓடும் திசைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மெல்லிய, கூர்மையான ஒலிகள் முதலில் மறையும். என் டெக்கின் ஹெட் செங்குத்தாகத்தான் இருந்தது, அதைச் சோதித்திருந்தேன். சாய்ந்திருந்தது 1987-இல் அம்மா பேசிய பெட்டியின் ஹெட். அந்தப் பெட்டி எங்கே போனதோ தெரியாது. ஆனால் அதன் சாய்வு அப்படியே டேப்பில் பதிந்திருக்கிறது. அம்மா தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் என் டெக்கின் ஹெட் அதே அளவுக்குச் சாய வேண்டும்.

அதற்கு ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது. எவ்வளவு திருப்புவது என்று காதால் மட்டும் முடிவு செய்வது கஷ்டம். இதற்கு ஒரு வழி தெரிந்துகொண்டேன். அம்மா பேசியது ஒற்றை மைக் வைத்த மோனோ பெட்டியில். என் டெக் ஸ்டீரியோ. அதனால் ஒரே குரலைத்தான் இடது, வலது இரண்டு பாதியும் படிக்கின்றன. ஹெட் சரியான கோணத்தில் இருந்தால் இரண்டும் ஒரே கணத்தில் படிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிச்சம் எதுவும் இருக்கக்கூடாது. பழைய ஹெட்போன் ஒன்றை எடுத்து, இரண்டு காதுக்கும் பொதுவாகப் போகும் வயரை மட்டும் பிளக்கிலிருந்து வெட்டிவிட்டேன். அப்படிச் செய்தால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான்: அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே, அந்தக் குரல் மறையும் வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். கால் சுற்றில் ஒரு பங்கு திருப்பினேன், குரல் கூடியது. தப்பான திசை. மறுபக்கம் திருப்பினேன். குரல் மெலிந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் தூரமாகப் போனது. ஒரு மயிரிழை. வெறும் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ யாரோ பேசுகிற மாதிரி ஒரு சாயல் மட்டும். அந்த இடத்தில் கையை எடுத்தேன். எடுக்கவே தயக்கமாக இருந்தது, ஏனென்றால் அறையில் அம்மா இல்லாமல் போயிருந்தார். அப்புறம் அந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டினேன்.

"...சிவப்பு லைட் எரியுது, அண்ணா. பேசறது விழுதான்னு தெரியலை."

ஒவ்வொரு 'ச'வும் 'ஸ'வும் இருந்தது. பேச ஆரம்பிக்கும் முன் மூச்சு இழுப்பதும் இருந்தது. நான் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பதிவு செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு. மைக் துளையில் சொருகினால் ஒலி உடைந்துவிடும். ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். அரை மணிக்குச் சுமார் 500 எம்பி ஆகும், ஆகட்டும். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். டெக்கில் டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்து வைத்தேன், பதிந்த பெட்டியில் அந்த வசதியே கிடையாது. இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை ஓடவிட்டு எடுத்தேன்.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் கொஞ்சம் இளசாக இருந்தது. 1987-இல் அம்மாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது அப்படித்தான் இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு ஒரு துண்டு அனுப்பினேன். ராத்திரியே போன் செய்தாள்.

"அம்மாதான். ஆனா ஏன்டா இவ்வளவு வேகமா பேசறாங்க? அம்மா அப்படிப் பேச மாட்டாங்களே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பின்னாடி நம்ம கடிகாரம் கேக்குது, கவனிச்சியா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. மறுபடி கேட்டேன். அம்மா பேச்சை நிறுத்தும் இடங்களிலெல்லாம் மெதுவாக டிக், டிக். கூடத்தில் மாட்டியிருந்த பெண்டுலக் கடிகாரம். இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது, சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிறது. அதன் முன் நின்று எண்ணச் சொன்னேன். இரண்டு நிமிஷத்துக்கு 240. மூன்று தடவை எண்ணியும் 240. பெண்டுலக் கடிகாரம் நாளுக்கு ஐந்து நிமிஷம் தவறினால்கூட அது 0.35 சதவீதம்தான், காது கண்டுபிடிக்காது.

பதிவில் டிக் ஒவ்வொன்றும் அலைக்கோட்டில் சின்ன முள்ளாகத் தெரிந்தது. உட்கார்ந்து எண்ணினேன். தொடக்கத்தில் இரண்டு நிமிஷத்துக்கு 246. நடுவில் 248. கடைசியில் 250. என் டெக்கின் வேகம் சரிதான். அம்மா பேசிய பெட்டிதான் மெதுவாக ஓடியிருக்கிறது. அதுவும் போகப் போக இன்னும் மெதுவாக. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயர்ந்துதான் கேட்கும்.

பதிவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் கடிகாரம் 240-க்கு வரும்வரை குறைத்தேன். சுருதியும் வேகமும் சேர்ந்து குறைய வேண்டும். அதனால் வேகம் மாற்றும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும், சுருதியை மட்டும் மாற்றுவதை அல்ல. மூன்று, நான்கு சதவீதம் என்பது எழுத்தில் ஒன்றுமில்லை. ஆனால் குறைத்துவிட்டுக் கேட்டபோது குரல் ஒரு படி கீழே இறங்கி வந்து உட்கார்ந்தது. அதுவரை கேட்டது அம்மா மாதிரி ஒரு பெண். இது அம்மா. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு முழுவதும் கேட்டேன்.

இருபதாவது நிமிஷத்துக்கு அருகில் ஒரு சின்னப் பையன் கேட்கிறான்: "யார்கிட்டம்மா பேசறே?" "மாமாகிட்ட. வா, நீயும் பேசு." அப்புறம் ஓடுகிற கால் சத்தம். அம்மா சிரிக்கிறார். "ஓடிட்டான். வெக்கம்." அந்தப் பையன் நான்தான். எனக்கு அது துளிகூட நினைவில்லை.

இரைச்சலை நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் போனது. கூடவே மூச்சு போனது, கடிகாரம் போனது, சொற்களின் ஓரம் மழுங்கியது. உடனே பழையபடி ஆக்கிவிட்டேன். யாராவது கேட்டால், உறவினர் குரலுக்கு அதைப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இரைச்சல் இரண்டு நிமிஷத்தில் காதுக்குப் பழகிவிடும். எல்லோருக்கும் கொடுப்பதற்கான பிரதியில் நான் செய்தது வேகத்தைச் சரி செய்தது, சத்தத்தை ஒரே அளவாக்கியது, தொடக்கத்தில் பேச்சு இல்லாமல் ஓடிய நாலு வினாடியை வெட்டியது. அவ்வளவுதான். திருத்தாத மூல ஃபைலைத் தனியாக மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்.

கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டு, சுற்று சீராக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பீக்கர் போன்ற காந்தங்கள் பக்கத்தில் இல்லாத அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். பழைய லேபிளை உரிக்க மனசு வரவில்லை. உடைந்த கூட்டை லேபிளோடு அதன் பக்கத்திலேயே வைத்தேன். டெக்கின் ஸ்க்ரூவை நான் திருப்பி வைக்கவில்லை. வேறு கேசட் போட்டால் இப்போது மந்தமாகத்தான் கேட்கிறது. அது அம்மாவின் கோணத்திலேயே இருக்கட்டும்.

நினைவு நாளன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரதியைப் போட்டேன். "அண்ணா..." என்று குரல் வந்ததும் மாமா கையைத் தூக்கினார். நிறுத்தினேன். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, ஏதோ யோசனையாக இருந்தார்.

"இதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குரல் வருமே, அது எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "சின்னதா கேக்கும்பா. ரொம்ப தூரத்திலேர்ந்து கூப்பிடற மாதிரி. அப்புறம்தான் உங்கம்மா கூப்பிடுவா" என்றார்.

மூல ஃபைலை எடுத்து, நான் வெட்டிய இடத்தைச் சத்தம் கூட்டிப் போட்டேன். இரைச்சலுக்கு நடுவில், குரல் வருவதற்கு மூன்று வினாடி முன்னால், கேட்டதா கேட்கவில்லையா என்கிற அளவுக்கு மெல்லியதாக, "அண்ணா". அப்புறம் மூன்று வினாடி அமைதி. அப்புறம் அம்மா.

சுற்றி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அதை ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாக ஒட்டிக்கொள்ளும். கேசட்டின் வெளிச்சுற்று ஒன்று சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது மூன்று வினாடி. ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்தே பல வருஷம் வைத்திருந்ததால் முதல் வார்த்தை, தனக்கு மேலே இருந்த வெற்றுச் சுற்றில் பதிந்துவிட்டது. இத்தனை நாள் இந்த டேப்போடு உட்கார்ந்திருந்த எனக்கு அது காதில் விழவில்லை. மாமாவுக்கு அது மனப்பாடம்.

"இதைத்தான் சொன்னேன்" என்றார். "மொதல்லேர்ந்து போடு."

அன்று ராத்திரியே எல்லோருக்கும் கொடுத்திருந்த பிரதியை வாங்கி அழித்துவிட்டு, அந்த நாலு வினாடியோடு சேர்த்துப் புதிதாக ஒன்று அனுப்பினேன்.